இத்தாலி வண்டியும் நம்மூர் எட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை நடை முடித்து, வழக்கம்போல நாங்கள் ஐந்து பென்ஷன்காரர்களும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து வரும் பையன்களின் மோட்டார் சைக்கிள் கூட்டம் புதுச்சேரிக்குள் நுழையும் நேரம். அதில் ஒருவன் எங்கள் கடை வாசலில் வந்து நின்றான். கருப்பும் சிவப்புமாக, முன்னால் குனிந்து படுத்துக்கொண்டு ஓட்டும் வண்டி. தலைக்கவசம் தலையில் இல்லை, முழங்கையில் மாட்டியிருந்தது. டீ குடித்தான், போய்விட்டான்.

அவன் தெருமுனை திரும்புவதற்குள் எங்கள் சபை தீர்ப்பு சொல்லிவிட்டது. "இந்தச் சனியனை எல்லாம் கவர்மெண்ட் தடை பண்ணணும்" என்றார் ஒருவர். "வெளிநாட்டுக்காரன் நம்ம பிள்ளைங்களைக் கொல்ல அனுப்பி வைக்கிறான்" என்றார் இன்னொருவர். நான் மட்டும் இல்லை என்றேன். வாக்குவாதம் முற்றி, டீ ஆறி, கடைசியில் "முசியேவுக்கு பிரான்ஸ்னா உசத்தி" என்று என்னைக் கிண்டல் செய்ததோடு சபை கலைந்தது. வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. பேச்சில் சொல்ல முடியாததை எழுதிவிடுகிறேன். முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு எழுத்தில்தான் கோர்வை வரும்.

நண்பர்கள் குற்றவாளிக் கூண்டில் தவறான ஆளை நிறுத்துகிறார்கள் என்பதுதான் என் கட்சி.

எனக்கு இந்த வண்டியைப் பற்றி எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் வாகன அனுபவம் மிகச் சிறியது. முதலில் சைக்கிள். பிறகு சுவேகா. பிரான்சின் மோபிலெட்டை ஒட்டி நம் நாட்டில் செய்த மொபெட் அது. ஏற்றத்தில் பெடல் போட்டால்தான் ஏறும். அதற்குப் பிறகு ஒரு ஸ்கூட்டர், பணி ஓய்வு வரை அதுவேதான். ஆனால் என் மகள் வயிற்றுப் பேரன், பத்தொன்பது வயது, பொறியியல் இரண்டாம் ஆண்டு, மூன்று மாதமாக இதே வண்டிதான் வேண்டும் என்று நிற்கிறான். பாதிப் பணம் அப்பா, மீதி தாத்தா என்பது அவன் போட்ட பட்ஜெட். பணம் கேட்டு வந்த கோப்பைப் படிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. இதையும் படித்தேன். பிரெவே வரை பிரெஞ்சில் படித்தவன் என்பதால், பிரெஞ்சுப் பத்திரிகைகள் எழுதியதையும் சேர்த்தே படித்தேன்.

வண்டியின் பெயர் அப்ரிலியா ஆர்எஸ் 457. கம்பெனி இத்தாலியில் வெனிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் நோவாலே என்ற சிற்றூரில் பிறந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல் அல்பெர்டோ பெஜ்ஜியோ என்பவர் சைக்கிள் செய்ய ஆரம்பித்தார். அவர் மகன் இவானோ காலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு மாறிப் பந்தயத்தில் இறங்கினார்கள். வாலென்டினோ ரோஸி 1997இல் 125 சிசி பிரிவிலும் 1999இல் 250 சிசி பிரிவிலும் உலக சாம்பியன் ஆனது அப்ரிலியாவில்தான். 2004 கடைசியில் வெஸ்பா ஸ்கூட்டர் செய்யும் பியாஜியோ இந்தக் கம்பெனியை வாங்கியது.

இங்கேதான் நண்பர்களின் முதல் தவறு. ஆர்எஸ் 457 இத்தாலியில் வரைந்த வண்டி. கப்பலில் வந்த வண்டி இல்லை. மகாராஷ்டிரத்தில் பாராமதியில் உள்ள பியாஜியோ தொழிற்சாலையில் நம்மவர்கள் செய்கிறார்கள். இங்கிருந்துதான் ஐரோப்பாவுக்குப் போகிறது. இந்தியாவில் விற்கும் வண்டியின் டயர்கள்கூட டிவிஎஸ் யூரோகிரிப், மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி. ஆகவே வெளிநாட்டுக்காரன் நம்மைக் கொல்ல அனுப்பினான் என்ற பேச்சு நிற்காது. அனுப்புவது நாம்.

சரி, வண்டி எப்படிப்பட்டது? 457 சிசி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் நான்கு வால்வு, தண்ணீரில் குளிரும் எஞ்சின். இரண்டு பிஸ்டனும் கிராங்கில் 270 டிகிரி தள்ளி அமைந்திருக்கின்றன. அதாவது வெடிப்புகள் சம இடைவெளியில் வராமல், ஒன்று கொஞ்சம் சீக்கிரம், அடுத்தது கொஞ்சம் தாமதமாக வரும். 90 டிகிரியில் விரிந்த வி எஞ்சினுக்கு இருக்கும் அதே தாளம். செலவும் இடமும் குறைவான நேர் சிலிண்டரை வைத்துக்கொண்டு, அந்தப் பெரிய எஞ்சினின் குணத்தை வரவழைக்கும் வழி இது. அன்று டீக்கடையில் எங்கள் காதில் விழுந்த அந்த 'டுக்கு டுக்கு' அதுதான்.

சட்டம் அலுமினியம். எஞ்சினும் சட்டத்தோடு சேர்ந்து பாரம் தாங்குகிறது. அதனால் எடை மிச்சம். பெட்ரோல் எல்லாம் நிரப்பி 175 கிலோ. முன் சக்கரத்தில் 320 மில்லிமீட்டர் டிஸ்க், பின்னால் 220. பிரேக்குகள் பைபிரே, பந்தயப் பிரேக்குக்குப் பெயர்போன இத்தாலியின் பிரெம்போ, நடுத்தர வண்டிகளுக்கென்று வைத்திருக்கும் பெயர் அது. ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் கம்பி இழுப்பதில்லை. கை எவ்வளவு முறுக்கியது என்று ஒரு சென்சார் கணினிக்குச் சொல்லும். எவ்வளவு திறப்பது என்று கணினி முடிவு செய்யும். மழைக்கு ஒரு நிலை, சிக்கனத்துக்கு ஒரு நிலை, வேகத்துக்கு ஒரு நிலை என மூன்று. பின் சக்கரம் வழுக்கிச் சுற்றினால் கணினி சக்தியைக் குறைக்கும். திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். அவசரமாகக் கியரைக் குறைத்தால் பின் சக்கரம் துள்ளாமலிருக்க வழுக்கும் வகைக் கிளட்ச்.

நேர்மையாகச் சொல்லுங்கள். இது கொல்வதற்குச் செய்த வண்டியா? நான் பல வருடம் ஓட்டிய ஸ்கூட்டர் மழையில் பிரேக் பிடித்தால் எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. அதோடு ஒப்பிட்டால் இது ஓட்டுகிறவனைக் கைப்பிடித்து அழைத்துப் போகும் வண்டி.

அடுத்து சக்தி. 47.6 குதிரைத்திறன். இந்த எண்ணில்தான் நான் நின்றுவிட்டேன். 457 சிசி எஞ்சினில் ஐம்பது என்று முழுசாக ஆக்க இத்தாலிக்காரனுக்குத் தெரியாதா? அது என்ன 47.6? கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 47.6 குதிரைத்திறன் என்றால் 35 கிலோவாட். பிறகு எடையைப் பார்த்தேன். 175 கிலோ. 35ஐ 175ஆல் வகுத்தால் 0.2.

இந்த இரண்டு எண்களும் ஐரோப்பாவின் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. 2013 ஜனவரியிலிருந்து அங்கே மோட்டார் சைக்கிள் உரிமம் படிப்படியானது. பதினாறு வயதில் ஏ1 என்றால் 125 சிசி வரை, 11 கிலோவாட் வரை. பதினெட்டில் ஏ2 என்றால் 35 கிலோவாட் வரை, ஒரு கிலோ எடைக்கு 0.2 கிலோவாட்டுக்கு மேல் போகக்கூடாது. அதற்குப் பிறகுதான் கட்டுப்பாடில்லாத ஏ. ஆர்எஸ் 457 அந்த ஏ2 கோட்டை மிதிக்காமல், கோட்டின் மேலேயே வந்து நிற்கிறது. பதினெட்டு வயதுப் பையனுக்கு இதற்கு மேல் கொடுக்காதே என்று சட்டம் சொன்ன அளவை எடுத்துக்கொண்டு, அதற்குள் எவ்வளவு நல்ல வண்டி செய்யலாம் என்று உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

அந்த ஏ2 உரிமத்தை அங்கே எப்படி வாங்குகிறார்கள்? என் தங்கை வீட்டுக்காரர் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தவர். குடும்பம் பிரான்சில். அவர்கள் பேரன் இரண்டு வருடத்துக்கு முன்பு இந்த உரிமம் எடுத்தான். தங்கை ஒவ்வொரு வாரமும் போனில் புலம்பினாள். முதலில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனியாக எழுத்துத் தேர்வு. பிறகு குறைந்தது 20 மணி நேரப் பயிற்சி. 8 மணி மைதானத்தில், 12 மணி சாலையில். மைதானத் தேர்வில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைக் கையால் தள்ளி நிறுத்திக் காட்ட வேண்டும். நடக்கும் வேகத்தில் கால் ஊன்றாமல் ஓட்ட வேண்டும். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டும் ஓட்டிக் காட்ட வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து குறித்த தூரத்துக்குள் நிறுத்த வேண்டும். அதே வேகத்தில் குறுக்கே ஏதோ வந்ததுபோல விலகிக் காட்ட வேண்டும். இதில் தேறினால்தான் சாலைத் தேர்வு. கையுறையும் கணுக்கால் மூடிய காலணியும் இல்லாமல் தேர்வுக்கே போக முடியாது. பிரான்சில் 2016இலிருந்து இன்னொன்றும் உண்டு. நாற்பது வயது ஆளானாலும் நேராகப் பெரிய வண்டிக்குப் போக முடியாது. ஏ2வில் இரண்டு வருடம் இருந்து, இன்னும் 7 மணி நேரப் பயிற்சி எடுத்தால்தான் பெரியது. அந்தப் பையன் மைதானத் தேர்வில் ஒருமுறை தோற்றான். தங்கை அழுதாள். நான் அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்குச் சிரிக்க மாட்டேன்.

இனி நம் கதை. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி மோட்டார் சைக்கிளில் நமக்கு இரண்டே வகை: கியர் இல்லாதது, கியர் உள்ளது. பதினெட்டு வயது முடிந்தவன் எல்எல்ஆர் எடுத்து, 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். யாரிடமாவது இரவல் வாங்கிய 100 சிசி வண்டியில் ஓர் எட்டுப் போட்டுக் காட்டினால் உரிமம். மறுநாள் காலையில் அதே உரிமத்தோடு 47.6 குதிரைத்திறன் வண்டியையும் ஓட்டலாம், 200 குதிரைத்திறன் வண்டியையும் ஓட்டலாம். சட்டம் ஒரு வார்த்தை கேட்காது. எட்டுப் போடும்போது வேகம் என்ன? சைக்கிள் வேகம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வண்டி ஒரு நொடியில் 28 மீட்டர் ஓடிவிடும். கண் பார்த்து மூளை கைக்குச் சொல்வதற்குள் பத்து வீட்டு வாசல் தாண்டிவிடும். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். இதை எட்டுப் போட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா?

வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவைப் பார்த்து வண்டிக்கு மட்டும் சட்டம் போட நமக்குத் தெரிந்திருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம். 2020 ஏப்ரலிலிருந்து புகைக்கு பிஎஸ்6 விதி. இரண்டும் நல்ல காரியம். கம்பெனிக்காரனை வரச்சொல்லி இதைச் செய் என்றோம், செய்தான். ஓட்டுகிறவனுக்கு மட்டும் 1988இல் நின்றுவிட்டோம். ஏனென்றால் கம்பெனிக்கு ஓட்டு இல்லை, பையனின் அப்பாவுக்கு ஓட்டு இருக்கிறது. நம் ஊரில் தலைக்கவசம் கட்டாயம் என்று அறிவிப்பதும், முணுமுணுப்பு எழுந்ததும் தளர்த்துவதும் எத்தனை முறை நடந்தது என்று என் வயது வாசகர்களுக்குச் சொல்ல வேண்டாம். முணுமுணுத்தவர்களில் எங்கள் டீக்கடை சபையும் உண்டு. தலை வேர்க்கிறது, காது கேட்கவில்லை என்று மனு எழுதச் சொல்லி என்னிடமே வந்தார்கள். இப்போது வண்டியைத் தடை செய் என்கிறார்கள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்குக் காரணம் இருக்கிறது. பணியின் கடைசி ஒன்பது வருடம் நான் இருந்த பிரிவுக்குக் கருணை அடிப்படை வேலைக் கோப்புகள் வரும். பணியில் இருக்கும்போது இறந்தவரின் மனைவியோ பிள்ளையோ வேலை கேட்டுக் கொடுக்கும் மனு. படிவத்தில் இறப்புக்கான காரணம் என்று ஒரு கட்டம். நோய் என்றிருக்கும், மாரடைப்பு என்றிருக்கும். முப்பது வயதுக்குக் கீழே என்றால் அந்தக் கட்டத்தைப் பார்க்காமலே எனக்குத் தெரியும்: சாலை விபத்து, இரு சக்கர வாகனம். ஒரு பெண் மூன்று மாதக் குழந்தையோடு வந்து என் மேஜைக்கு எதிரில் நின்றாள். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை நான் காட்டக் காட்ட, அவள் வேறு வேறு இடத்தில் போட்டாள். இன்றைக்கும் அந்தத் தாள் என் கண்ணில் இருக்கிறது.

அந்தக் கோப்புகளைச் சாட்சிக்கு அழைத்தால், அவை என் நண்பர்களுக்கும் எதிராகத்தான் பேசும். நான் பார்த்த ஒன்றில்கூட இத்தாலி வண்டி இல்லை. எல்லாம் நம் வீட்டு வாசலில் நிற்கும் 100, 125, 150 சிசி வண்டிகள். மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். ஆயிரத்தில் ஒருவன் வாங்கும் பந்தய வண்டியைத் தடை செய்தால் இந்தக் கணக்கு குறைந்துவிடுமா? தடை என்பது நாம் தூங்கிவிடுவதற்கான தாலாட்டு.

எனக்கு எதிராகச் சொன்னவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

பிரான்சில் விபத்தே இல்லையா என்றார் ஒருவர். இருக்கிறது. அங்கேயும் சாலையில் கார்க்காரனைவிட மோட்டார் சைக்கிள்காரனுக்குத்தான் ஆபத்து அதிகம். அந்த ஆபத்தைத் தெரிந்துகொண்டதால்தான் 20 மணி நேரம் வைத்தார்கள். மருந்து கொடுத்தும் சிலர் சாகிறார்கள் என்பதால் மருந்தே வேண்டாம் என்பவரை நான் என்ன சொல்ல?

ஏழை பயிற்சிக்குப் பணம் எங்கே போவான் என்றார் இன்னொருவர். நியாயமான கேள்வி. பால்காரரும் கொத்தனாரும் 100 சிசி வண்டியில்தான் பிழைக்கிறார்கள். அவர்கள் தலையில் புதுச் செலவைக் கட்டச் சொல்லவில்லை. படிப்படியான உரிமம் என்பதன் பொருளே அதுதான். சிறிய வண்டிக்குச் சிறிய நிபந்தனை, பெரிய வண்டிக்குப் பெரிய நிபந்தனை. ஆர்எஸ் 457 இங்கே வந்தபோது ஷோரூம் விலை 4 லட்சத்து 10 ஆயிரம். அதைக் கொடுக்க முடிந்த அப்பாவால் 20 மணி நேரப் பயிற்சிக்கும் கொடுக்க முடியும்.

நம்மூரில் எல்லாம் காசு கொடுத்தால் நடக்கும், பயிற்சிச் சான்றும் அப்படித்தான் வரும் என்றார் மூன்றாமவர். இதற்குத்தான் எனக்கு நெஞ்சு வலித்தது, ஏனென்றால் அவர் சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனாலும் கள்ளச் சான்று வரும் என்பதற்காக நாம் பள்ளிக்கூடத்தை மூடவில்லை. தேர்வைக் கேமரா முன்னால் வையுங்கள், அளவெடுத்த மைதானத்தில் வையுங்கள், 50 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். நிற்காத வண்டிக்கு எந்தத் தரகரும் நின்றதாகச் சான்று வாங்கித் தர முடியாது.

ஆகவே பழைய பழக்கத்தில் என் குறிப்பை முன்வைக்கிறேன். ஒன்று, கியர் வண்டி உரிமத்தைச் சக்தி அளவுப்படி மூன்றாகப் பிரிக்க வேண்டும். இரண்டு, நடுத்தர வண்டிக்கும் பெரிய வண்டிக்கும் மணிக் கணக்கிட்ட பயிற்சியும், வேகத்தில் நிறுத்தும் தேர்வும் வேண்டும். மூன்று, தலைக்கவசத்தை இனி ஒருமுறை அறிவித்தால் திரும்பப் பெறக்கூடாது. மேல் நடவடிக்கைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது.

நடவடிக்கை வரும்வரை வீட்டில் என்ன செய்வது? பேரன் கோப்பு என் மேஜையில் கிடக்கிறதே. மகள், "அப்பா, நீங்க பணம் தராதீங்க, அதோட முடிஞ்சிடும்" என்றாள். முடியாது. நான் தராவிட்டால் கடன் கொடுக்க ஆள் இருக்கிறது. அப்போது நிபந்தனை போடும் உரிமையும் என் கையை விட்டுப் போய்விடும். பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"பிரான்சுல உன் வயசுப் பையனுக்கு இந்த வண்டி கொடுக்க என்ன கேக்கிறாங்களோ, அதை நான் கேக்கறேன்டா. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துல ஓட்டப் பயிற்சி முகாம் நடக்குதாமே, முதல்ல அங்க போ. செலவு என்னுது. கவசம், கையுறை, காலணி வாங்கு. அதுவும் என்னுது. அதுக்கப்புறம் உங்கப்பாவோட 125 சிசி வண்டியில ஆறு மாசம் ஓட்டு. ஒரு நாள்கூட கவசம் முழங்கையில தொங்கறதை நான் பார்க்கக்கூடாது. அப்புறம் வா, செக் எழுதறேன்."

"சட்டத்துல இதெல்லாம் இல்லையே தாத்தா" என்றான்.

"இல்லைதான். அதனாலதான் நான் கேக்கறேன்" என்றேன்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் கையுறை அளவு கேட்டுக் கடைக்குப் போனான். ஆறு மாதக் கணக்கு இந்த மாதம் 1ஆம் தேதி தொடங்கியிருக்கிறது. காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். டீக்கடை நண்பர்களும் தங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும். பேரனின் கவசம் எங்கே தொங்குகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தடையைப் பற்றிப் பேசலாம்.